ஆடி மாதம் இல்லாத ஆய்வு

1. முதல் நாள்

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பதுளையில் ஓர் ஆய்வுப் பிரிவில் ஆவண அலுவலராகச் சேர்ந்தேன். பதவியின் பெயர்தான் பெரிது. இடம் இரண்டு அறை, ஒரு பிரின்டர், மழை பெய்தால் வாளி வைக்கும் ஒரு மூலை. ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதிகளைப் பற்றி அங்கே ஆராய்ச்சி நடந்தது. அதை நடத்தியவர் டொக்டர் யோகமலர். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை எளிதாகத் தெரிந்தது. டொக்டர் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க இருந்தார். அவர் எழுதிய பேப்பர்களையும் அவற்றின் சைட்டேஷன்களையும் தொகுத்து ஒரு புரொஃபைல் எழுத வேண்டும். ஓர் ஆய்வாளரின் பேப்பரை இன்னோர் ஆய்வாளர் தன் பேப்பரில் சுட்டினால் அது ஒரு சைட்டேஷன். கூடுதலாகச் சுட்டப்பட்டால் கூடுதல் மதிப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இந்த விதியை மனப்பாடமாகக் கொண்டுவருகிறார்கள். நானும் அன்று அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

எங்கள் பிரிவின் பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். என் மேசைக்கு வந்து சொன்னார்:

"சைட்டேஷன் கூடினதில இருந்து குறைஞ்சது வரைக்கும் வடிவா அடுக்குங்கோ. தெரிவுச் சபையில இருக்கிறவை மேல இருக்கிறதைத்தான் பாப்பினம். கீழ கிடக்கிறதை ஒருத்தரும் திரும்பியும் பாக்க மாட்டினம்."

அடுக்கினேன். முதலிடத்தில் வந்த பேப்பர் மற்றவற்றை விட்டு வெகுதூரம் முன்னால் நின்றது. அதன் சாரம் இதுதான். தோட்டங்களில் புதிதாகத் திருமணமானவர்களின் முதற்பிரசவங்கள் சித்திரை மாதத்தில் சட்டென்று குறைகின்றன. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், கரு தங்காமல் போன காலம் ஆடி மாத வாக்கில் வருகிறது. ஊவாவில் அது காற்றும் வெயிலுமான காலம். மழை கழுவிக்கொண்டு போகாது என்பதால் களைமருந்து அப்போதுதான் அதிகம் அடிக்கிறார்கள். ஆகவே மருந்துக்கும் கரு தங்காமைக்கும் தொடர்பு இருக்கலாம்.

பத்திரிகைக்காரியின் கண்ணுக்கு அது நல்ல செய்தி. முதல் பக்கத்தில் போடலாம்.

பிற்பகல் ஒருவர் நனைந்த குடையோடு வாசலில் நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். கொஸ்லந்தப் பக்கத் தோட்டமொன்றில் களைமருந்து அடிக்கிறவர், பெயர் முருகேசு.

"டொக்டரம்மா இருக்காங்களா மிஸ்?"

"பக்கத்துக் கிளினிக்ல இருக்காங்க. நம்பர் எடுத்துட்டீங்களா?"

"நான் வைத்தியத்துக்கு வரல மிஸ். அவங்க எழுதுன பேப்பரை மாத்தி எழுதித் தரணும். அதுக்குத்தான் விடிய முன்ன பஸ் ஏறுனேன்."

"எந்தப் பேப்பர்?"

"மருந்து அடிக்கிறவனுக்குப் பிள்ளை தங்காதுன்னு எழுதுனாங்களே, அது."

உட்காரச் சொல்லி விசாரித்தேன். வைகாசியில் கல்யாணம். மனைவி கோமதிக்கு ஊர் லுணுகலை. ஆடி பிறந்ததும் வழக்கப்படி தாய்வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். ஆவணியில் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். விடவில்லை. புரட்டாசியும் போய்விட்டது. மருந்தடிக்கிற மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறக்காதாம், பெண்ணை அனுப்ப முடியாதென்று மாமனார் சொல்லிவிட்டார்.

"தீபாவளி வருது மிஸ். தலைத் தீபாவளி. மாமனார் வீட்டுல இருந்து ஆள் வந்து கூப்பிடலன்னா அதோட எல்லாம் முடிஞ்சு போச்சுன்னுதான் அர்த்தம். லயத்துல இப்பவே கேக்கிறானுங்க, 'என்னடா மாப்ள, வேட்டி எடுத்துட்டியா'ன்னு. பெரட்டுக்குப் போகவே கூச்சமா இருக்கு."

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். காலையில் பெயர் கொடுக்கும் இடத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் நிற்பதைத்தான் பெரட்டு என்றார். என் மேசையில் இருந்த முதலிடத்துப் பேப்பரைப் பார்த்தேன். அதைச் சுட்டியவர்களின் வரிசையில் இந்த மாமனாரை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை.

2. சிரிப்பு நின்ற இடம்

டொக்டர் முருகேசு சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"முருகேசு, அந்தப் பேப்பரை நான் எப்பவோ மாத்தி எழுதிட்டேன்."

"அப்படின்னா?"

"முதல்ல எழுதுனது தப்புன்னு நானே இன்னொரு பேப்பர் எழுதியிருக்கேன்."

முருகேசு டொக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப ஏன் டொக்டரம்மா அது யாருக்கும் தெரியல?"

டொக்டர் அவருடைய மாமனாரின் பெயரையும் தோட்டத்தையும் கேட்டு வைத்துக்கொண்டு அவரை அனுப்பினார். அவர் போன பிறகு நான் என் அடுக்கின் அடியைப் பார்த்தேன். அங்கே கிடந்தது அந்த இரண்டாவது பேப்பர். சுட்டியவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

"எப்படித் தப்புன்னு கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"என் தம்பியாலதாங்க்கா. கல்யாணம் கட்டுன வருஷம் ஆடி பிறந்ததும் பொண்ணைப் பண்டாரவளைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இவன் கடையில மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தான். 'என்னடா, ஆடி வியாபாரம் படுத்துருச்சா'ன்னு கேட்டேன். 'சிரிக்காதக்கா, ஒரு மாசம் நான் சந்நியாசி'ன்னான். நானும் சிரிச்சிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். சோத்துல கை வச்சப்பதான் சிரிப்பு நின்னுச்சு."

ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும். அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாதென்று புதுமணப் பெண்ணை அந்த மாதம் தாய்வீட்டில் வைத்துக்கொள்வார்கள். நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தோட்டங்களில் தாய்வீடு சில சமயம் அதே தோட்டத்து மேல் லயமாகவே இருக்கும். புதுமாப்பிள்ளை கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். அந்த மாதம் கரு தங்காததற்கு மருந்து தேவையில்லை. தம்பதிகள் ஒரே வீட்டில் இல்லை.

டொக்டர் மறுபடி கணக்குப் பார்த்தார். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆனவர்களையும் சேர்த்துக்கொண்டார். அவர்களிடம் சித்திரைக் குறைவு இல்லை. அவர்களின் கணவன்மாரும் அதே மருந்தைத்தான் அடித்தார்கள்.

"மருந்துக்குப் புது மாப்பிள்ளை, பழைய மாப்பிள்ளைன்னு பாகுபாடு தெரியுமாக்கா?" என்றார்.

"முதல் தடவை ஆடி உங்களுக்கு ஞாபகம் வரலியா?"

"மறந்தா போனேன்? வருஷா வருஷம் நம்ம கடையில ஆடிச் சீருக்குப் புடவை விக்கிறோம். மழை, உயரம், மருந்து, பறிக்கிற கொழுந்து நிறை எல்லாத்தையும் அளந்தேன். ஆடியை அளக்கணும்னு தோணல. சோறு திங்கிறோம், தூங்குறோம்னு யாராவது ஆய்வுல எழுதுவாங்களா? அது மாதிரி இருந்துருச்சு."

வெளியூர் ஆய்வாளர் ஒருவர் வந்திருந்தால், இந்த மாதம் ஏன் இத்தனை பெண்கள் வீட்டில் இல்லை என்று கேட்டிருப்பார். உள்ளூர்க்காரருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

3. மேலே எது

டொக்டர் என்னிடம் ஒரு மாற்றம் கேட்டார். திருத்திய பேப்பர் புரொஃபைலில் முதலில் வரவேண்டும், பழையது அதன் கீழே, பிழை என்ற குறிப்போடு. அப்படியே செய்து பணிப்பாளரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"உதென்ன, அடியில கிடந்ததைத் தூக்கி மேல வச்சிருக்கிறியள்?"

கூட வந்திருந்த டொக்டர் சொன்னார்: "சேர், மேல இருந்தது பிழை."

"பிழையெண்டாலும் உலகமெல்லாம் சுட்டியிருக்கினம் தானே?"

"பிழைன்னு சொல்றதுக்காகவும் சில பேர் சுட்டியிருக்காங்க சேர்."

"அதுவும் சைட்டேஷன் தான் பிள்ளை. கொம்பியூட்டர் திட்டினவன் ஆர், புகழ்ந்தவன் ஆர் எண்டு பாக்காது." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மெய்யாவே ஆடிக்குப் பொம்பிளையைத் தாய்வீட்டுக்கு அனுப்புறவையோ? எங்கட பக்கம் ஆடிக்குக் கூழ் தான் காய்ச்சுறது."

அந்த வாரம் பழைய பேப்பரைச் சுட்டியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கிடைத்தவற்றை வாசித்தேன். பத்திரிகையில் இருந்தபோது, ஒரு செய்தியைப் பற்றிக் கடிதம் வந்தால் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். சிலர் அதன் மேல் தங்கள் ஆய்வைக் கட்டியிருந்தார்கள். சிலர் மறுத்திருந்தார்கள். பலர் பேப்பரை வாசித்ததற்கான அடையாளமே இல்லை. முன்பு சுட்டியவரின் வாக்கியத்தை அப்படியே எடுத்திருந்தார்கள். ஊவா தென்னிந்தியாவில் இருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. டொக்டர் தன் திருத்தத்தில், எந்தப் பேப்பரைத் திருத்துகிறார் என்று காட்டப் பழையதைச் சுட்டியிருந்தார். சுட்டாமல் திருத்த முடியாது. ஆகவே தவறைத் திருத்தியதற்காகத் தவறின் கணக்கில் ஒன்று கூடியிருந்தது. திருத்தத்தை ஆதரித்து எழுதியவர்களும் இரண்டையும் சுட்டியிருந்தார்கள். தவறு அதனாலும் வளர்ந்திருந்தது.

இதைப் பணிப்பாளரிடம் சொன்னேன். "அப்ப என்னதான் செய்யிறது?" என்றார். முடிவில் இரண்டு பேப்பரையும் அருகருகே போட்டோம். எது மேலே என்ற கேள்வி எழாதபடி பக்கத்தை இரண்டாகப் பிரித்தோம். அது தீர்வல்ல. பக்க வடிவமைப்பு.

4. லுணுகலை

தீபாவளிக்கு முந்திய வாரம் டொக்டர், "வாங்கக்கா, லுணுகலைக்குப் போய்ட்டு வருவோம்" என்றார். ஆய்வுக்குப் பேட்டி எடுக்கப் போகிறோமா என்று கேட்டேன். "இல்ல. நான் எழுதுனதை ஒருத்தர்கிட்டயாவது நேர்ல போய்த் திருப்பி வாங்கணும்" என்றார்.

வழியில் பசறை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முருகேசுவை வர வேண்டாமென்று சொல்லியிருந்தோம். மாமனாரின் பெயர் பெரியண்ணன், தோட்டத்துக் கோயில் கமிட்டியில் இருக்கிறவர். பேச்சில் ஒரு நிதானம். கதிரையைத் துடைத்துப் போட்டு, பால் சேர்க்காத பிளேன்டீ வரவழைத்து, பிறகுதான் வாய் திறந்தார்.

"டொக்டரம்மா, நீங்கதானே எழுதுனீங்க?"

"நான்தாங்க ஐயா. தப்பா எழுதிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நீங்க பெரிய மனசு பண்ணி அந்தப் பையனுக்காகப் பேசுறீங்க. ஆனா எத்தனை பேர் சொல்றாங்க பாருங்க. தோட்டத் தலைவர் சொன்னாரு. பூசாரி சொன்னாரு. தம்பி மகன் வாட்ஸ்அப்ல அனுப்புனான். ஜெர்மனியிலகூட எழுதியிருக்காங்களாம். நீங்க ஒரு ஆள் இல்லங்கிறீங்க. நான் யாரை நம்புறது?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் பிளேன்டீயைப் பார்த்தேன். பணிப்பாளரின் விதியை இந்த மனிதர் எந்தப் புரொஃபைலும் பார்க்காமலே கையாண்டார்.

"அவங்க எல்லாரும் என் ஒரு பேப்பரைப் பார்த்துத்தாங்க ஐயா சொல்றாங்க. அத்தனை வாயும் ஒரே வாய்தான். மருந்து நல்லதுன்னு நான் சொல்ல வரல. அது கெடுதியா இல்லையாங்கிறதை இன்னும் சரியாப் பார்க்கணும். ஆனா நான் பார்த்த குறைச்சலுக்கு மருந்து காரணம்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. அது ஆடியால வந்தது."

"ஆடியாவது ஒண்ணாவது. என் மக விஷயத்தையே எடுத்துக்குங்க. வைகாசியில கட்டிக் கொடுத்தேன். இப்ப ஐப்பசி. ஆறு மாசமாகப் போகுது. வயித்துல ஒண்ணையும் காணோம். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா."

கோமதி வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி.

"வைகாசியில கட்டிக் கொடுத்தீங்க. ஆடி ஒண்ணாந் தேதி கூட்டிட்டு வந்தீங்க. அதுல இருந்து நான் எங்க இருக்கேன்?"

பெரியண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"இங்க, உங்க வீட்டுல இருக்கேன். அவர் அங்க கொஸ்லந்தயில இருக்காரு. வயித்துல ஒண்ணையும் காணோம்னா எங்க இருந்து வரும்? தபால்லயா?"

உள்ளே இருந்த அம்மா, "அடியேய், பெரியவங்க முன்னால என்னடி பேச்சு" என்று அதட்டினார். அதட்டலில் பாதி சிரிப்பு.

பெரியண்ணன் விரல்விட்டு எண்ணுவது தெரிந்தது. வைகாசி, ஆனி. அங்கே விரல் நின்றது. மேலே எண்ண மாதம் இல்லை.

டொக்டர் மெதுவாகச் சொன்னார்: "நான் பண்ணுன அதே தப்புங்க ஐயா. நானும் ஆடியைக் கணக்குல சேர்க்கல."

பெரியண்ணன் எழுந்து போய்க் கூரை ஒழுகுகிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். உட்காரவில்லை. மனைவியிடம், "கொஸ்லந்தக்கு யாரை அனுப்பலாம்?" என்றார்.

"யாரை அனுப்புறது? நீங்கதான் போகணும். தலைத் தீபாவளிக்கு மாமனார் போய்க் கூப்பிட்டாத்தான் மரியாதை."

"வேட்டி எடுக்கணுமே."

கோமதி அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டே சொன்னாள்: "டொக்டரம்மா வீட்டுலயே துணிக்கடை இருக்காம்பா."

5. முகமூடி

டொக்டருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. எந்தப் பேப்பருக்காகக் கிடைத்தது என்று சபை தெரிவிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பழைய பேப்பரை இன்றும் சுட்டுகிறார்கள்.

அடுத்த ஆனியில் வேறோர் ஆய்வுக்காகக் கொஸ்லந்தப் பக்கம் போனோம். களைமருந்தையே நேரடியாகப் பார்க்கும் ஆய்வு. இந்தத் தடவை கேள்விகளில் ஆடியும் இருந்தது. பெரகலச் சந்தியில் டீ குடித்துவிட்டுத் தோட்டத்துக்கு இறங்கினோம். மழை விட்டிருந்தது. மலையில் மருந்தடி நடந்தது. முதுகில் மருந்துத் தாங்கியோடு முன்னால் வந்தவர் முருகேசு. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"டொக்டரம்மா! கோமதி முழுகாம இருக்கா. இந்தத் தடவை ஆடிக்கு அனுப்ப மாட்டேன்னு மாமாகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்."

டொக்டர் சந்தோஷப்பட்டார். பிறகு அவர் பார்வை முருகேசுவின் கழுத்துக்குப் போனது. முகமூடி அங்கே தொங்கியது. பின்னால் வந்த மூவரிடம் அதுவும் இல்லை.

"அதை ஏன் கட்டல முருகேசு?"

"இனி எதுக்கு டொக்டரம்மா? வேர்த்துக் கொட்டுது. அதான் மருந்து ஒண்ணும் செய்யாதுன்னு நீங்களே லுணுகலைக்கு வந்து சொல்லிட்டீங்களே."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

"மாமா ஊர் பூராவும் சொல்லிட்டுத் திரியிறாரு. 'பதுளை டொக்டரம்மா என் வீட்டுக் கதிரையில உக்காந்து சொன்னாங்க'ன்னு. இங்கயும் எல்லாருக்கும் தெரியும். கேட்டுப் பாருங்க."

பின்னால் நின்ற மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர், "கோமதியே ஆதாரந்தானுங்களே" என்றார்.

டொக்டர் வரப்புக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுதிய தவறைப் பரப்ப உலகம் தேவைப்பட்டது. திருத்தத்தைத் தவறாக்க ஒரு மாமனார் போதும். இரண்டிலும் ஆதாரமாகச் சொல்லப்பட்டது டொக்டரின் பெயர்தான்.

"ஐயாகிட்ட நான் சொன்னது வேற, முருகேசு. மருந்து கெடுதின்னும் நான் நிரூபிக்கல, கெடுதி இல்லன்னும் நிரூபிக்கல. நீங்க அதைச் சுவாசிக்கவே கூடாது. வீட்டுல வேற புள்ளத்தாச்சி இருக்கா. இந்த உடுப்போட போய்ப் பக்கத்துல உக்காரவும் கூடாது. குளிச்சிட்டுத்தான் போகணும்."

முருகேசு குழம்பிப்போய் நின்றார். "அப்ப ஆளுங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது? ஒரே வார்த்தையில சொல்லுங்க டொக்டரம்மா."

டொக்டர் யோசித்தார். இத்தனை பேப்பர் எழுதிய கை மடியில் கிடந்தது.

"'தெரியாது, அதனால கட்டிக்கிறேன்'னு சொல்லுங்க."

"தெரியாதுன்னு சொன்னா யாரு டொக்டரம்மா அதை எடுத்துச் சொல்லுவா?"

பதிலுக்குக் காத்திராமல் முகமூடியை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டார். பின்னால் நின்ற மூவரில் ஒருவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். மற்ற இருவரும் டொக்டரையும் முருகேசுவையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எண்ணை எழுதுவதற்கு முன் சுட்டியவர்கள் என்ன சொன்னார்கள் என்று வாசியுங்கள். மெதுவாகத்தான் நடக்கும், பணிப்பாளர் கோபிப்பார். வாசித்த பிறகும் தெளிவு வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் இப்போது புரொஃபைலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எதற்காகச் சுட்டினார்கள் என்று ஒரு வரி சேர்க்கிறேன். சில இடங்களில் அந்த வரி "தெரியாது" என்றே இருக்கிறது. அதை மட்டும் இதுவரை யாரும் சுட்டவில்லை.